பொய் எண்

பிரிஜெட்டைப் பற்றி அவள் தெருக்காரர்களைக் கேட்டால் நல்லவள் என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். நான் அப்படித் தப்பித்துக்கொள்ள முடியாது. நானும் அவளும் ஒரே மேஜையின் இரண்டு பக்கத்தில் உட்கார்ந்து மனிதர்களின் சுபாவத்தை எண்ணிப் பட்டியல் போட்டவர்கள். "நல்லவன், கெட்டவன்னு எங்கிட்ட வராதீங்கோ. எவ்வளவு நல்லவன், எதுல நல்லவன்? அதைச் சொல்லுங்கோ" என்பார் எங்கள் டாக்டர். ஆகவே விவரமாகவே சொல்கிறேன்.

பிறந்தது 1928இல், ஆஸ்டின் டவுனில். அப்பா தண்டு என்கிற ராணுவப் பகுதியில் வெள்ளைக்கார அதிகாரிகளின் மெஸ்ஸில் பட்லர். நாற்பத்தேழில் துரைமார்கள் கப்பலேறியதும் அவர் வேலை போயிற்று. இரண்டு வருஷத்தில் அவரும் போய்விட்டார். பிரிஜெட் கன்னியாஸ்திரிகள் பள்ளியில் படித்து, டைப்ரைட்டிங் பாஸ் செய்து, பார்வை மங்கிய அம்மாவை வைத்துக் காப்பாற்றிக்கொண்டிருந்தாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று நான் கேட்டதில்லை. கேட்டிருந்தால் உடனே சொல்லியிருப்பாள். எதைக் கேட்டாலும் மறைக்காமல் சொல்லித் தொலைப்பது அவள் வழக்கம், எனக்கு அதில் எப்போதும் எரிச்சல்.

பழைய மதராஸ் ரோட்டில் பம்பும் மோட்டாரும் செய்யும் ஒரு தொழிற்சாலையில் 1957இல் அவள் வேலைக்கு வந்தாள். நான் அதற்கு ஒரு வருஷம் முன்பே வந்தவள், நிரந்தரம் ஆனவள். அவளுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒரு கடிதம் வரும், இன்னும் ஆறு மாதம் இருக்கலாம் என்று. அந்தக் கடிதத்தை நான்தான் டைப் அடிப்பேன்.

1959இல் வார்ப்படப் பட்டறையில் ஒரு விபத்து. கிரேனில் தூக்கிய சரக்கு தவறி விழுந்து, கீழே நின்ற ஒருவன் செத்துப்போனான். ஓட்டியவன் அன்று காலை வீட்டில் சண்டை போட்டுவிட்டுக் கை நடுங்க வந்தானாம். மனம் நிலையில்லாத ஆளை இனி உயரத்தில் ஏற்றக்கூடாது என்று நிர்வாகம் முடிவு செய்து, லண்டனில் மனோதத்துவம் படித்துவிட்டு வந்த டாக்டர் வெங்கடகிருஷ்ணனை அழைத்தது. அவருக்கு உதவியாக எங்கள் இருவரையும் போட்டார்கள்.

டாக்டர் கெட்டவர் இல்லை, இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். செத்தவனின் வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்த பிறகுதான் அவர் வேலையை ஆரம்பித்தார். எங்களுக்கும் பொறுமையாகப் பாடம் எடுத்தார். மனிதக் குணத்தைச் சொல்ல அகராதியில் ஆயிரக்கணக்கான சொற்கள் இருக்கின்றனவாம். முன்கோபி, அழுமூஞ்சி, கூச்சக்காரன், வாயாடி என்று. இவற்றில் எவையெவை ஓர் ஆளிடம் சேர்ந்தே வருகின்றன என்று கணக்குப் போட்டால் அத்தனையும் சில பெரிய குணங்களுக்குள் அடங்கிவிடுமாம். அடிக்கடி கவலைப்படுகிறவன் பெரும்பாலும் தூக்கம் கெட்டவனாகவும் தன்னையே நொந்துகொள்கிறவனாகவும் இருப்பான். அந்தக் கூட்டத்துக்குக் 'கலக்கம்' என்று பெயர். நாலு பேரோடு சேரும் குணத்துக்குக் 'கலகலப்பு'. சொன்ன வேலையைச் சொன்னபடி முடிப்பதற்குப் 'பொறுப்பு'.

ஒரு கேள்வியை வைத்து ஒருவனை எடை போட முடியாது. அதனால் நூற்றிருபது கேள்விகள். எல்லாவற்றுக்கும் ஆம் அல்லது இல்லை என்று பென்சிலால் ஒரு கோடு. 'காரணம் இல்லாமல் மனம் கலங்கியதுண்டா?' 'கோபத்தில் யாரையாவது அடிக்க நினைத்ததுண்டா?' 'செய்த தவறை நினைத்துத் தூக்கம் கெட்டதுண்டா?' இப்படிக் கலக்கத்துக்கு மட்டும் ஐம்பது. முப்பதுக்கு மேல் போனால் ஆள் கிரேனுக்கு ஆகமாட்டான். கேள்விகளைத் தமிழில் எழுதியவள் பிரிஜெட். எண்ணுவதற்கு அட்டையில் துளை போட்டவளும் அவள்தான். தாள்மேல் அட்டையை வைத்து, துளை வழியாகத் தெரியும் கோடுகளை எண்ண வேண்டியது, அவ்வளவுதான்.

இதில் பத்துக் கேள்விகள் ஒரு தந்திரம். 'நான் ஒருபோதும் பொய் சொன்னதில்லை.' 'யாரைப் பற்றியும் புறம் பேசியதில்லை.' இவற்றுக்கு ஆம் போடுகிறவன் தன்னை நல்லவனாகக் காட்ட முயல்கிறான் என்று அர்த்தம். அந்த எண்ணிக்கைக்குப் 'பொய் எண்' என்று பெயர். எட்டு வரைக்கும் மன்னிப்பு உண்டு. அதற்கு மேல் போனால் தாளே செல்லாது. அலுவலகத்தில் எங்களுக்கும் முன்னோட்டமாக ஒருமுறை கொடுத்தார்கள். என் பொய் எண் எட்டு. பிரிஜெட்டுக்கு ஒன்றுமே இல்லை. அவள் கலக்கம் இருபத்தொன்பது வந்தது. மயிரிழையில் தப்பித்தாய் என்று நான் இரண்டு நாள் கேலி செய்தேன்.

1960 மார்ச்சில் முப்பத்தாறு தற்காலிகத் தொழிலாளிகளுக்குப் பரீட்சை வைத்தார்கள். பாஸானால் நிரந்தரம், இல்லாவிட்டால் அந்த மாதக் கடைசியோடு வீட்டுக்கு. பன்னிரண்டு பேராக மூன்று குழு. தொடங்குமுன் அச்சடித்த குறிப்பு ஒன்றைப் படிக்க வேண்டும்: 'இதில் சரி தவறு என்று எதுவும் இல்லை. மனத்தில் தோன்றியதைக் குறிக்கவும்.' ஒரு வார்த்தை கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. படித்தபின் 'உள்ளபடியே படித்தேன்' என்று கீழே கையெழுத்துப் போட வேண்டும். எல்லோரையும் ஒரே தராசில் நிறுக்க வேண்டுமல்லவா? முதல் இரண்டு குழுவுக்கும் நான் படித்தேன். கூட்டவில்லை, குறைக்கவில்லை, எனக்கு அதில் அவ்வளவு அக்கறையும் இல்லை. மூன்றாவது குழு கிரேன்காரர்களும் சரக்கு ஏற்றுகிறவர்களும். அதை ஒரு சனிக்கிழமை காலை பிரிஜெட் நடத்தினாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை மத்தியானம் அந்தத் தாள்களை எண்ண உட்கார்ந்தோம். மறுநாள் ஒரு மணிக்குள் பட்டியல் பர்சனல் ஆபீசரிடம் போக வேண்டும். பிரிஜெட் முதல் தாளில் அட்டையை வைத்து எண்ணினாள். முப்பத்தேழு. அடுத்தது நாற்பத்தொன்று. அடுத்தது முப்பத்தெட்டு. அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், தலைகீழாக வைத்துவிட்டோமோ என்று. இல்லை. ஆம்ப்ரோஸ் என்பவனின் தாளில் நாற்பத்து மூன்று வந்தது. பன்னிரண்டு பேரில் பதினோரு பேர் முப்பதைத் தாண்டிவிட்டார்கள். தொம்மலூர் ஆதிகேசவன் ஒருவன்தான் பாஸ். அவனுக்குப் பதினான்கு.

அந்தப் பதினோரு பேரும் அவள் போகும் மாதா கோவிலைச் சேர்ந்தவர்கள். அலெக்சாண்டர் என்ற பழைய கிரேன் ஓட்டுநர் ஒவ்வொருவராக அழைத்துவந்து வேலைக்குச் சேர்த்த கூட்டம். எனக்கு நாக்கு சும்மா இருக்காது.

"என்னடி இது, உங்க கோயில்காரா அத்தனை பேருக்கும் சித்தம் கலங்கிடுத்தா?" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. ஆதிகேசவன் தாளை எடுத்து ஒரு பக்கம் வைத்தாள். மற்றவற்றை ஒரு பக்கம் வைத்தாள். அப்புறம் முகம் வெளுத்துப்போய், "நான்தான் செஞ்சேன், அனந்தா" என்றாள்.

"என்னத்தைச் செஞ்சே?"

"குறிப்பைப் படிச்சேன். யாருக்கும் ஒண்ணும் புரியல. எது எழுதினா பாஸு, எது எழுதினா ஃபெயிலுன்னு பயந்துக்கிட்டே கேட்டாங்க. பாவமா இருந்திச்சு. பாவசங்கீர்த்தனத்துக்கு முன்னாடி ஆத்தும சோதனை செய்வீங்களே, அத மாதிரின்னு நெனச்சுக்குங்க, ஒண்ணையும் மறைக்காதீங்க, ஆண்டவர் பாக்கறாருன்னு சொன்னேன். ஒடனே எல்லாருக்கும் புரிஞ்சிபோச்சு. தலைய குனிஞ்சிக்கிட்டு எழுத ஆரம்பிச்சாங்க."

எனக்கு அது விளங்கவில்லை. அவள்தான் விளக்கினாள். சனிக்கிழமை சாயங்காலம் சாமியாரிடம் பாவத்தைச் சொல்லப் போகுமுன் அவர்கள் ஜெபப்புத்தகத்தைத் திறந்துவைத்துக்கொண்டு உட்காருவார்களாம். அதில் வரிசையாகக் கேள்விகள் இருக்கும். கோபங்கொண்டாயா? பொறாமைப்பட்டாயா? பிறருக்குக் கெடுதல் நினைத்தாயா? வாழ்க்கையில் ஒரே ஒரு தரம் நினைத்திருந்தாலும் ஆம்தான். நினைத்தோமா இல்லையா என்று சந்தேகமாக இருந்தாலும் ஆம்தான். மறைத்தால் மறைத்ததே பெரிய பாவமாகிவிடும். அதோடு, எத்தனை முறை என்று எண்ணிக்கையும் சொல்ல வேண்டும். போதாக்குறைக்கு அது தபசுகாலம், ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் நோன்பு. பரீட்சை நடந்ததோ சனிக்கிழமை. எங்கள் கேள்வித்தாளும் பார்ப்பதற்கு அந்த ஜெபப்புத்தகப் பக்கம் மாதிரியே இருந்திருக்கிறது.

"மத்தவங்க எல்லாம் வேலைக்கு எழுதினாங்க. இவங்க பாவசங்கீர்த்தனம் செஞ்சிருக்காங்க" என்றாள்.

எனக்குப் பயம் அவர்களைப் பற்றி இல்லை, இவளைப் பற்றி. 'உள்ளபடியே படித்தேன்' என்ற வரிக்குக் கீழே இவள் கையெழுத்து இருந்தது. டாக்டர் அந்த ஒரு விஷயத்தில் மட்டும் கடுமையானவர். ஆறு மாதக் கடிதம் இனிமேல் வராது. அம்மாவை வைத்துக்கொண்டு எங்கே போவாள்? நான் ரப்பரை எடுத்தேன். ஆளுக்குப் பதினைந்து இருபது கோட்டை அழித்து 'இல்லை' பக்கம் போட்டால் ஆயிற்று, யாருக்குத் தெரியப்போகிறது? ஆம்ப்ரோஸின் தாளை இழுத்து இரண்டு கோடுகளை அழித்தும்விட்டேன். அவள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"விடுடி. அரை மணி வேலை."

"வேணாம் அனந்தா."

"உன் வேலை போயிடும். அந்தப் பதினோரு பேர் வேலையும் போயிடும். நியாயமா அது?"

"பொய்யா ஒரு கையெழுத்து போட்டாச்சு. அதுவே போதும்" என்று தாளைப் பிடுங்கிக்கொண்டாள். அழித்த இடத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, அதே இரண்டு கோடுகளையும் மறுபடி போட்டாள். எனக்கு வந்த கோபத்தில் அவளோடு ஐந்து மணிவரை பேசவில்லை.

ஐந்து மணிக்கு வாசலில் ஆம்ப்ரோஸ் காத்துக்கொண்டிருந்தான். இருபத்தேழு வயது இருக்கும், ஒல்லியான ஆள். நாலு வருஷமாகத் தற்காலிகமாகவே கிரேன் ஓட்டுகிறான். மனைவி மௌரீனுக்கு அது ஏழாவது மாதம். நிரந்தரம் ஆகிவிட்டால் தொழிலாளர் குடியிருப்பில் ஒரு வீடு கிடைக்கும், இல்லாவிட்டால் ஈஜிபுராவில் மாமனார் குடிசையிலேயே பிரசவம் என்று பிரிஜெட் சொல்லியிருக்கிறாள்.

"அக்கா, என்னாச்சு? பாஸா?"

"நாளைக்குத்தான் தெரியும், ஆம்ப்ரோஸ்."

"எனக்கு பயமே இல்லக்கா. நீங்க சொன்ன மாதிரியே ஒண்ணுகூட மறைக்கல. போன வருசம் கிரேன்ல ஒக்காந்து அழுதது, மாமனார் மேல கை ஓங்கினது, எல்லாத்தையும் ஆமுன்னு போட்டுட்டேன். மனசே லேசாயிடுச்சி" என்று சந்தோஷமாகச் சொன்னான். பிரிஜெட் அவன் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். எனக்கு அங்கே நிற்க முடியவில்லை, பஸ்ஸைப் பிடிக்கப் போய்விட்டேன்.

மறுநாள் சனிக்கிழமை, அரை நாள் வேலை. டாக்டர் ஒன்பது மணிக்கு வந்தார். பிரிஜெட் அவர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தாமலே எல்லாவற்றையும் சொன்னாள். நான் வெளியே டைப் அடிக்கிற பாவனையில் உட்கார்ந்திருந்தேன். டாக்டர் குறுக்கே பேசவில்லை. கேட்டுவிட்டுத் தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார்.

"நீங்க பண்ணினது பெரிய தப்பு, பிரிஜெட். அது தனி விஷயம். இப்போ இவாளைப் பார்ப்போம். பதினோரு பேருக்கும் பொய் எண் பூஜ்யம். அப்படின்னா எழுதினது அத்தனையும் நிஜம். நிஜமாவே கலக்கம் ஜாஸ்தின்னுதானே அர்த்தம்? கிரேன்ல உக்காந்து அழறவனை நான் எப்படி மேலே ஏத்தறது?"

"நெஜந்தான் சார். ஆனா அது எப்பவோ ஒரு நாள் அழுதது. மத்தவங்க இந்த மாசத்த நெனச்சு எழுதினாங்க. இவங்க பொறந்ததுலேருந்து நெனச்சு எழுதியிருக்காங்க."

"அது உங்க ஊகம். உங்க வார்த்தையாலதான் இவ்வளவு ஏறித்துன்னு எனக்கு என்ன ருசு? போன வருஷம் செத்தவனோட குழந்தையை நான் பார்த்துட்டு வந்திருக்கேன். தயவுக்காக நான் கையெழுத்துப் போட முடியாது."

"அலெக்சாண்டருக்கு வெச்சுப் பாருங்க சார்" என்றாள் பிரிஜெட்.

அலெக்சாண்டர் இருபத்திரண்டு வருஷமாகக் கிரேன் ஓட்டுகிறவர். ஒரு சின்ன நட்டுகூட அவர் கையிலிருந்து தவறி விழுந்ததில்லை என்பார்கள். அவரும் அதே கோவில்தான். அவர் மனம் நிலையானது என்பதற்குத் தொழிற்சாலையே சாட்சி. அவருக்கும் அதே வார்த்தைகளைச் சொல்லி அதே தாளைக் கொடுத்தால் தெரிந்துவிடும் அல்லவா? டாக்டருக்குக் கண் மின்னியது. இந்த மாதிரி யோசனை அவருக்கு வெல்லம். பியூன் கிருஷ்ணப்பாவை அனுப்பி அலெக்சாண்டரை அழைத்துவரச் சொன்னார்.

அவர் எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே வந்தார். கிரேன் சாவி இடுப்பில் கயிற்றில் தொங்கியது. டாக்டர் முன்னாலேயே பிரிஜெட் அந்த வார்த்தைகளை ஒன்றுகூட மாறாமல் சொன்னாள். அவர் சிலுவை போட்டுக்கொண்டு பென்சிலை எடுத்தார். ஒவ்வொரு கேள்விக்கும் கண்ணை மூடி யோசித்தார். ஒரு இடத்தில் அவர் கண்ணில் நீர் வந்ததை நான் கதவருகே நின்று பார்த்தேன். நாற்பது நிமிஷம் ஆயிற்று.

டாக்டரே அட்டையை வைத்து எண்ணினார். நாற்பத்து நாலு. திருப்பி எண்ணினார். நாற்பத்து நாலுதான். பிரிஜெட்டுக்கு மூச்சு வந்தது. எனக்கும்.

அந்த நேரம் பார்த்துப் பர்சனல் ஆபீசர் சீனிவாசராகவன் பட்டியல் கேட்டுக்கொண்டு உள்ளே வந்தார். நல்ல நிர்வாகிதான், ஆனால் காகிதத்தில் எது இருக்கிறதோ அதுதான் அவருக்கு உலகம். நடந்ததைக் கேட்டார். அலெக்சாண்டரின் தாளைக் கையில் எடுத்தார்.

"நாப்பத்தி நாலா? அப்போ இவரையும் சேர்த்துக் கிரேன்லேருந்து எடுத்துடுங்கோ" என்றார்.

"சார், இது சும்மா சோதிச்சுப் பார்க்க…" என்று டாக்டர் ஆரம்பித்தார்.

"சும்மாவோ நிஜமோ, எழுதினது எழுதினதுதான். இது கோப்புக்குப் போகும். நாளைக்கு இவர் கையில ஒண்ணு விழுந்தா, தெரிஞ்சிருந்தும் ஏன் ஏத்தினேன்னு என்னைத்தான் கேப்பா. சாவியைக் குடுங்கோ, அலெக்சாண்டர்."

அலெக்சாண்டருக்கு முதலில் புரியவில்லை. பிரிஜெட்டைப் பார்த்தார். "நான் நெஜத்தத்தானே எழுதினேன், சார்" என்றார். பிறகு இடுப்புக் கயிற்றை அவிழ்த்து, சாவியை மேஜைமேல் வைத்தார். இருபத்திரண்டு வருஷத்தில் அந்தச் சாவியை அவர் வேலை நேரத்தில் கழற்றியதில்லை. பிரிஜெட் பதினோரு பேரைக் காப்பாற்ற வந்து பன்னிரண்டாவது ஆளையும் குழியில் தள்ளிவிட்டாள். நேற்றே ரப்பரைக் கொடுத்திருந்தால் இது நடந்திருக்காது என்று எனக்கு அவள்மேல் ஆத்திரமும் பரிதாபமும் சேர்ந்து வந்தது.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு அலெக்சாண்டரின் தாளைப் பர்சனல் ஆபீசரிடமிருந்து வாங்கி, பேனாவைத் திறந்தார்.

"சரி. நான் கையெழுத்துப் போடறேன். கலக்கம் நாற்பத்தி நாலு, கிரேனுக்கு லாயக்கில்லை. பன்னண்டு மணிக்கு அணைக்கட்டுக்குப் போற பெரிய மோட்டாரை லாரியில ஏத்தணும், இல்லையா? பத்து டன். வாசல்ல லாரி நிக்கறது. அதை யார் தூக்கப்போறா?"

சீனிவாசராகவன் ஜன்னல் வழியாக லாரியைப் பார்த்தார். பத்து டன்னை அலெக்சாண்டரைத் தவிர வேறு யாரிடமும் கொடுத்ததில்லை என்பது அவருக்குத் தெரியும்.

"ரெண்டுல ஒண்ணுதான் நிஜமா இருக்க முடியும், சார். இந்தத் தாள் சரின்னா மோட்டார் இங்கேயே கிடக்கட்டும். இவர் மோட்டாரைத் தூக்கலாம்னா இந்தத் தாள் தப்பு. இது தப்புன்னா, இதே வார்த்தையைக் கேட்டு எழுதின அந்தப் பதினோரு தாளும் தப்பு. நீங்க சொல்லுங்கோ, நான் எழுதறேன்."

பேனா முனை தாளுக்கு ஒரு விரற்கடை மேலே நின்றது. வெளியே லாரிக்காரன் ஹாரன் அடித்தான். சீனிவாசராகவன் சாவியை எடுத்தார். அப்புறம் அலெக்சாண்டரிடம் நீட்டினார்.

"போய் வேலையைப் பாருங்கோ."

அலெக்சாண்டர் போனபின் அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். "பதினோரு பேருக்கும் புதன்கிழமை மறுபடி வெச்சுடுங்கோ. ஆனா முதல் பரீட்சை ஏன் செல்லாதுன்னு காரணம் எழுதணும். காரணம்னா ஒரு பேர் வேணும்" என்றார்.

டாக்டர் பேனாவை வைத்துக்கொண்டு தயங்கினார். அவருக்குச் சொல்ல மனம் வரவில்லை என்று எனக்குத் தெரிந்தது.

"எம் பேர எழுதுங்க சார். பிரிஜெட்டுன்னு" என்றாள் அவள்.

ஒரு மணிக்கு முன்பு நான் இரண்டு காகிதம் டைப் அடித்தேன். ஒன்று, பதினோரு பேருக்கு மறுபரீட்சை. இன்னொன்று, குறிப்பைக் கூட்டிப் படித்துவிட்டு உள்ளபடியே படித்ததாகக் கையெழுத்துப் போட்ட தற்காலிக டைப்பிஸ்டின் வேலை இன்றோடு முடிகிறது. இரண்டாவதில் மூன்று இடத்தில் எழுத்துப் பிசகி, திரும்ப அடிக்க வேண்டி வந்தது. அவள் அதை வாங்கிப் படித்து, ஒரு இடத்தில் புள்ளி விட்டுப்போயிருப்பதைக் காட்டிவிட்டுப் போனாள்.

புதன்கிழமை மறுபரீட்சையை நான் நடத்தினேன். அச்சடித்த குறிப்பை மட்டும் படித்தேன். பதினோரு பேரும் இந்தத் தடவை தலையைக் குனியவில்லை. நடந்ததெல்லாம் பட்டறை முழுக்கப் பரவியிருந்தது. அக்காவின் வேலை போனதே நாம் உண்மையை எழுதியதால்தான் என்று அவர்களுக்குத் தெரியும். இதிலும் தவறினால் அவள் வேலை போனது வீண். கால் மணியில் எழுதி முடித்துவிட்டார்கள். கலக்கம் எல்லோருக்கும் இருபதுக்குக் கீழே. ஆம்ப்ரோஸுக்குப் பன்னிரண்டு. பொய் எண் ஐந்திலிருந்து ஏழு வரை. யாருக்கும் எட்டைத் தாண்டவில்லை. வெள்ளிக்கிழமை நிரந்தரப் பட்டியலை மூன்று நகல் டைப் அடித்தேன். பதினோரு பெயரும் அவரவர் எண்களோடு அதில் இருந்தன.

பிரிஜெட் அதற்கப்புறம் எந்தக் கம்பெனியிலும் வேலை பார்க்கவில்லை. அந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டு யார் வேலை கொடுப்பார்கள்? ஆஸ்டின் டவுனில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்துக் காலம் தள்ளினாள். அது பின்னால் நடந்த கதை. நான் சொல்ல வந்தது நிரந்தரப் பட்டியல் அடித்த மறுநாள் சனிக்கிழமையைப் பற்றி.

அவள் டிபன் டப்பா மேஜை டிராயரில் கிடந்தது. அதைக் கொடுக்கலாமென்று அன்று சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போனேன். கோவிலுக்குப் போயிருக்கிறாள் என்று அவள் அம்மா சொன்னார். நான் அதுவரை ஒரு மாதா கோவில் வாசலை மிதித்ததில்லை. பக்கவாட்டுக் கதவருகே போய் எட்டிப் பார்த்தேன். பாவசங்கீர்த்தனக் கூண்டுக்கு முன்னால் ஒரு வரிசை நின்றது. எல்லாம் எனக்குத் தெரிந்த முகங்கள். எண்ணிப் பார்த்தேன், பதினோரு பேர். கடைசியில் தலையில் முக்காடு போட்டுக்கொண்டு பிரிஜெட்.

என்னைப் பார்த்ததும் ஆம்ப்ரோஸ் வரிசையை விட்டு வெளியே வந்தான். அவன் முகம் வாடிக் கிடந்தது.

"என்னப்பா, பர்மனென்ட் ஆயாச்சு, இப்படி மூஞ்சியைத் தூக்கி வெச்சுண்டிருக்கியே?" என்றேன்.

"அந்தத் தாள்ல பொய்யே சொன்னதில்ல, புறமே பேசினதில்லன்னு எழுதினது பொய்யிம்மா. அதச் சொல்லாம நாளைக்குப் பூசையில எப்படி நன்மை அப்பம் வாங்கறது? ஆனா எத்தன தடவைன்னு சொல்லணும். அவசரத்துல அந்த மாதிரி எத்தன போட்டோம்னு யாருக்குமே ஞாபகம் இல்ல. அக்காவ கேட்டோம். தாள பாக்காம எனக்கு எப்படித் தெரியும்னு சொல்லிட்டாங்க." கொஞ்சம் தயங்கினான். "நீங்கதானே எண்ணினீங்க?"

விடைத்தாளில் உள்ள எண்ணை வெளியே யாரிடமும் சொல்லக்கூடாது. சொன்னது தெரிந்தால் பிரிஜெட்டுக்கு வந்த காகிதம் எனக்கும் வரும். அந்தப் பொய் எண்ணை டாக்டர் எதற்காக எண்ணச் சொன்னார், இவர்கள் எதற்காகக் கேட்கிறார்கள்! மூன்று நகல் அடித்தவளுக்கு மறக்குமா?

"உனக்கு ஏழு" என்றேன்.

அவன் "ஏழு, ஏழு" என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே திரும்பிப் போனான். உடனே அடுத்தவன் வந்தான். அவனுக்கு ஐந்து. அதற்கடுத்தவனுக்கு ஆறு. ஒவ்வொருவனும் கையைக் கட்டிக்கொண்டு வந்து நின்று, தன் எண்ணை வாங்கிக்கொண்டு வரிசைக்குப் போனான். பதினோரு பேருக்கும் சொல்லி முடித்தேன். என் கண்ணிலிருந்து நீர் வழிந்தது, துடைத்துக்கொள்ளவில்லை.

கடைசியில் பிரிஜெட் திரும்பிப் பார்த்தாள். டிபன் டப்பாவைத் தூக்கிக் காட்டினேன். இரு, வருகிறேன் என்று சாடை காட்டிவிட்டு, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு வரிசையில் நகர்ந்தாள். அவள் சொல்லப்போவது ஒரே ஒரு பொய்க் கையெழுத்து. அதற்கு யாரையும் எண்ணிக்கை கேட்க வேண்டியதில்லை.